பழைய லெதர் ஜாக்கெட்டோட வயசைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

கேள்வி: அண்ணா, பழைய லெதர் ஜாக்கெட் சேக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இப்ப ஒரே ஆள்கிட்ட ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு பிரவுன் கலர், ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க பைலட் போட்ட ஏ-2, குதிரைத் தோல்னு சொல்றார். கழுத்துல 42ன்னு ஆரம்பிக்கிற ஆர்டர் நம்பரோட லேபிள் இருக்கு, முதுகுல ஒரு குண்டுவீச்சு விமானம் பெயின்ட் பண்ணிருக்கு. ஜிப்ல மட்டும் ஒய்கேகேன்னு போட்டிருக்கு, கேட்டா பழைய ஜிப் போயி மாத்தினதுங்கிறார். பக்கவாட்டுல கை விட்டுக்க பாக்கெட்டும் இருக்கு, உள்ள லைனிங்ல மேப் பிரின்ட் பண்ணிருக்கு. இன்னொண்ணு கறுப்பு மோட்டார்சைக்கிள் ஜாக்கெட், தோள்பட்டைல ஸ்டார், டாலன் ஜிப், உள்ள சிவப்பு குயில்ட் (மெத்தை மாதிரி கட்டம் கட்டமா தச்ச) லைனிங், கம்பெனி லேபிள் பிஞ்சு போச்சு. இது 40கள்ல உள்ளதுங்கிறார். காலர் பக்கம் வெள்ளையா ஏதோ பூத்திருக்கு. ரெண்டையும் வாங்கலாமா? அடுத்த தடவ நானே வயசைக் கண்டுபிடிக்க என்ன பாக்கணும்?

பதில்: தம்பி, நேரா பதில முதல்ல சொல்லிடறேன், காரணத்த அப்புறம் பேசலாம். பிரவுன அந்த ஆள் சொல்ற கதைக்கான விலை குடுத்து வாங்காதீங்க, நீங்க எழுதின விவரத்த வச்சே அது போர்க்கால ஏ-2 இல்லன்னு சொல்லிடலாம். கறுப்பு 40கள்ல உள்ளதா இருக்க வாய்ப்பு கம்மி, பெரும்பாலும் 50கள் 60கள்ல தச்சதா இருக்கும், ஆனா அது நெஜமான பழசு, ரெண்டுல எனக்கு புடிச்சதும் அதுதான்.

இப்ப காரணம். ஜாக்கெட் விக்கிறவங்க எப்பவுமே அதுல இருக்கிற ரொம்பப் பழைய அடையாளத்த காட்டி வயசு சொல்வாங்க, லேபிள்ல 42 இருக்கு அதனால 42, டாலன் ஜிப் இருக்கு அதனால 40கள் அப்படின்னு. நாம பாக்க வேண்டியது நேர்மாறா. ஒவ்வொரு அடையாளமும் பெரும்பாலும் ‘இந்த வருஷத்துக்கு முன்னாடி இருக்க முடியாது’ங்கிறத மட்டும்தான் சொல்லும், அப்ப அதுல எது கடைசியா உலகத்துக்கு வந்ததோ, அது தைக்கும்போதே உள்ள போனதா இருந்தா, ஜாக்கெட் அதுக்கப்புறம்தான் பிறந்திருக்கு, அவ்ளோதான் கணக்கு. ஒரு ஜாக்கெட்ல பத்து அடையாளம் 1940ன்னு சொல்லி ஒண்ணே ஒண்ணு 1975ன்னு சொன்னா ஜாக்கெட் 1975, அந்த ஒண்ணு பின்னாடி மாத்தினதுன்னு தையல் சாட்சி சொன்னா ஒழிய.

அதனால மாத்த முடிஞ்சது எது, முடியாதது எதுன்னு பிரிச்சு வச்சுக்கோங்க. ஜிப், லைனிங், இடுப்புலயும் மணிக்கட்டுலயும் வர்ற கம்பளி நிட், பட்டன், லேபிள் எல்லாம் மாத்தலாம், அதுலயும் லேபிள் மாத்துறது ரொம்ப சுலபம், நாலு பக்கம் தையல் போட்டா முடிஞ்சது. மாத்த முடியாதது வெட்டு. முதுகு ஒரே துண்டா ரெண்டு துண்டா, பாக்கெட் எங்க எப்படி தச்சிருக்கு, கை எப்படி ஏத்திருக்கு, காலர் எப்படி நிக்குது, இதெல்லாம் தோல வெட்டும்போதே முடிவானது. நான் ஒரு ஜாக்கெட்ட கைல வாங்கினா லேபிள கடைசியாத்தான் பாப்பேன், முதல்ல பாத்துட்டா மனசு அதுக்கு ஏத்த மாதிரியே மத்ததெல்லாம் பாக்க ஆரம்பிச்சுடும்.

உங்க பிரவுனுக்கு வருவோம். அமெரிக்க ராணுவத்தோட விமானப் பிரிவான ஏர் கோர் 1931ல ஏ-2வ ஏத்துக்கிச்சு, 1943ல தோல் ஜாக்கெட் ஆர்டர நிறுத்திட்டு துணி ஜாக்கெட்டுக்கு மாறிட்டாங்க. அந்த காலத்து ஏ-2க்கு முதுகு ஒரே துண்டு தோல். முன்னாடி ரெண்டு பாக்கெட்டும் மேல மூடி வச்சது, மேல இருந்துதான் கை போகும், பக்கவாட்டுல கை சூடு பண்ணிக்கிற பாக்கெட்டே கிடையாது. பைலட் பாக்கெட்டுல கைய விட்டுக்கிட்டு நின்னா ராணுவத்துக்கு புடிக்காதுன்னு ஒரு கதை சொல்வாங்க, அது எப்படியோ, பாக்கெட் இல்லங்கிறது மட்டும் உறுதி. காலர் நுனிய மறைவா ஒரு பிரஸ் பட்டன் கீழ இழுத்து வைக்கும், கழுத்துல ஒரு கொக்கி, ஜிப்புக்கு பின்னாடி காத்த தடுக்கிற தோல் பட்டை, உள்ள சாதா பருத்தித் துணி லைனிங். மேப் பிரின்ட் லைனிங் அதுல வராது. பைலட்டுங்க மாட்டிக்கிட்டா தப்பிச்சுப் போக துணில அச்சடிச்ச மேப் வச்சிருந்தாங்கங்கிறது உண்மை, அத கேட்டுட்டு 1980கள்ல கடைக்கு வந்த ஃபேஷன் பாம்பர் ஜாக்கெட்டுகள்ல லைனிங்காவே தச்சு வித்தாங்க. பக்கவாட்டு பாக்கெட், மேப் லைனிங், ஒய்கேகே மூணும் ஒண்ணா இருந்தா உங்க கைல இருக்கிறது அந்த 80கள் சரக்குதான், இல்லன்னா 90கள்.

ஒய்கேகே பத்தி விக்கிறவர் சொல்றது தனியா எடுத்தா பொய்யின்னு சொல்ல முடியாது, ஜிப் மாத்துறது சகஜம். ஆனா மாத்தினா தெரியும். பழைய தையல் ஓட்டைங்க தோல்ல அப்படியே நிக்கும், துணி மாதிரி மூடிக்காது, புது தையல் அதே ஓட்டைல விழுந்திருக்காது, பக்கத்துல ஒரு வரிசை காலி ஓட்டை ஓடும், நூலோட கலரும் தடிமனும் மத்த இடத்து நூலோட ஒத்துப் போகாது. ஜிப் ஓரத்த க்ளோசப்பா நாலு போட்டோ கேளுங்க. ஓட்டை ஒரே வரிசை, நூல் ஜாக்கெட் முழுக்க ஒரே நூல்னா ஜிப் பிறக்கும்போதே வந்தது. ஒய்கேகே ஜப்பான்ல 1934ல ஆரம்பிச்ச கம்பெனிதான், ஆனா அமெரிக்காவுக்கு 1960ல போச்சு, ஜார்ஜியா மாநிலத்துல மேக்கன்ல பெரிய ஃபேக்டரி 1974ல வந்துச்சு, அதனால அமெரிக்க ஜாக்கெட்ல ஒரிஜினலா ஒய்கேகே இருந்தா நான் 70களுக்கு முன்னாடி யோசிக்கவே மாட்டேன்.

முதுகுல பெயின்ட் இருக்குன்னீங்க, அதுக்குத்தான் விலைய ஏத்திருப்பார். ஒரு லென்ஸ் வச்சு தோல் வெடிச்ச இடத்தப் பாருங்க. 80 வருஷத்துக்கு முன்னாடி போட்ட பெயின்ட்னா தோலும் பெயின்டும் சேந்தே மடங்கி சேந்தே வெடிச்சிருக்கும், வெடிப்புக்குள்ள பெயின்ட் இருக்காது. வெடிப்போட பள்ளத்துக்குள்ள பெயின்ட் இறங்கிருந்தா தோல் கிழடான பிறகுதான் யாரோ வரைஞ்சிருக்காங்க. முழங்கை, இடுப்பெல்லாம் தேஞ்சு போயிருக்க, முதுகு பெயின்ட் மட்டும் புதுசா பளபளன்னு இருந்தாலும் சந்தேகப்படுங்க. பொய் பெயின்ட் இந்தத் தொழில்ல ரொம்ப நாளா நடக்குது, நிஜ ஏ-2 மேலயே பொய் படம் வரைஞ்சு விப்பாங்க, அப்ப ஜாக்கெட் ஒரிஜினல், கதை டூப்ளிகேட்.

லேபிள் மட்டும் எப்படி 42ன்னு வந்துச்சுன்னு கேப்பீங்க. போர்க்கால லேபிள அப்படியே நகலா நெய்து தனியா விக்கிறாங்க. அது போக நல்ல மறுபதிப்பு ஜாக்கெட் செய்ற கம்பெனிங்களே, ஜப்பான்ல பஸ் ரிக்சன்ஸ், இங்கிலாந்துல ஈஸ்ட்மேன் மாதிரி, பழைய கான்ட்ராக்டரோட லேபிள நகலெடுத்துத்தான் தைப்பாங்க, அவங்க ஏமாத்தல, மறுபதிப்புன்னு சொல்லித்தான் விக்கிறாங்க, ரெண்டாவது மூணாவது கைக்கு போகும்போதுதான் சிலர் அந்த விஷயத்த மறந்துடறாங்க. ஏரோ லெதர்னு ஒரு பேர் வரும், நியூயார்க் மாநிலத்துல பீக்கன் ஊர்ல போர்க்காலத்துல ஏ-2 தச்ச கம்பெனி ஒண்ணு, 1980கள்ல ஸ்காட்லாந்துல அதே பேர்ல ஆரம்பிச்ச கம்பெனி வேற ஒண்ணு. ரெண்டுமே நல்ல ஜாக்கெட்தான், ஆனா விலைல ஏணி வச்சாலும் எட்டாது.

லேபிளப் படிக்கவே கூடாதுன்னு சொல்லல. வெட்டும் தையலும் சரின்னு ஆன பிறகு லேபிள் நெறைய பேசும். ராணுவ லேபிள்தான் இருக்கிறதுலயே ஒழுங்கானது. ஏ-2ல ‘ஏர் கோர்’னு இருந்தா முந்தின ஆர்டர், ‘ஏர் ஃபோர்ஸ்’னு இருந்தா பிந்தினது, 1941 ஜூன்ல ராணுவ விமானப் படைக்கு பேர் மாத்தினாங்க, லேபிள் அதுக்கு பின்னாடியே மாறிச்சு. ஆர்டர் நம்பர்ல முன்னாடி வர்ற 42ங்கிறது நிதியாண்டு, ஜாக்கெட் கைக்கு வந்தது அடுத்த வருஷமாக்கூட இருக்கலாம். போருக்கு அப்புறம் இன்னும் சுலபம், நேவியோட ஜி-1 ஜாக்கெட், ஆட்டுத்தோல், காலர்ல ரோமம் வச்சது, அதுல மில்-ஜே-7823ன்னு ஸ்பெக் நம்பர் இருக்கும், பின்னாடி ஏ, பி, சின்னு எழுத்து ஏற ஏற ஜாக்கெட் புதுசு. டிஎஸ்ஏ-100-67ன்னு கான்ட்ராக்ட் நம்பர் இருந்தா அந்த 67தான் நிதியாண்டு, அப்ப அவங்க நிதியாண்டு ஜூலைல ஆரம்பிக்கும், அதனால 66 ஜூலைல இருந்து 67 ஜூனுக்குள்ள போட்ட ஆர்டர். டிஎஸ்ஏங்கிற அந்த சப்ளை ஏஜென்சி 1977ல டிஎல்ஏன்னு பேர் மாத்திக்கிச்சு, டிஎல்ஏன்னு ஆரம்பிச்சா அதுக்கு அப்புறம். ஸ்டாக் நம்பர் 13 இலக்கமா இருந்தா 1974லயோ அப்புறமோ, அதுக்கு முன்னாடி 11 இலக்கம்தான். 1988ல அமெரிக்க ஏர் ஃபோர்ஸ் திரும்ப ஏ-2 குடுக்க ஆரம்பிச்சது, அது ஆட்டுத்தோல்ல, அதுவும் ஒரிஜினல் ராணுவ ஏ-2தான், அத போர்க்காலம்னு சொல்லித் தள்றவங்க இருக்காங்க, கான்ட்ராக்ட் நம்பரப் பாத்தா ஒரு நிமிஷத்துல மாட்டிக்குவாங்க.

இப்ப கறுப்பு ஜாக்கெட்.

ஸ்டார் இருந்தா ஷாட் கம்பெனி பெர்ஃபெக்டோன்னு உடனே ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க. ஷாட் 1913ல நியூயார்க்ல ஆரம்பிச்சது, 1928ல பெர்ஃபெக்டோ மோட்டார்சைக்கிள் ஜாக்கெட் கொண்டு வந்தாங்க, அந்தப் பேரே ஒரு சுருட்டோட பேர்தான், முதல் விலை 5.50 டாலர். அவங்களோட 613 மாடலுக்கு தோள்ல ஸ்டார் உண்டு, 618க்கு கிடையாது. ஆனா ஸ்டார் வச்சது அவங்க மட்டும் இல்ல, அந்த டிசைன் ஹிட்டான பிறகு தபால்ல துணி விக்கிற பெரிய கடைங்களுக்குத் தச்சுக் குடுத்தவங்க வரைக்கும் பல பேர் வச்சாங்க. லேபிள் இல்லாம கம்பெனி பேர அடிச்சுச் சொல்றவர நம்ப வேணாம். உங்களுக்கு இப்ப கம்பெனி தேவையே இல்ல, காலம்தான் தேவை.

டாலன் ஜிப்புக்கு பின்னாடி நீளமான வரலாறு இருக்கு, பென்சில்வேனியால மீட்வில்ங்கிற ஊர்ல ஹூக்லெஸ் ஃபாஸ்னர் கம்பெனின்னு இருந்தது 1937ல டாலன்னு பேர் மாத்திக்கிச்சு. ஜிப்ல ஹூக்லெஸ்னு அச்சடிச்சிருந்தா சந்தோஷமா 30கள்னு சொல்லலாம். டாலன்னு மட்டும் இருந்தா அது 40களும் ஆகலாம் 70களும் ஆகலாம், கம்பெனி அவ்ளோ நாள் ஓடிச்சு. அதுக்குள்ள பிரிக்கணும்னா ஜிப்போட அடில இருக்கிற டப்பா மாதிரி ஸ்டாப்பரப் பாருங்க, சூரியக் கதிர் மாதிரி கோடு பரவியிருந்தா 40கள், 50கள் ஆரம்பம்னு சேக்கிறவங்க எடுத்துப்பாங்க, வெறுமனே மொழுக்குன்னு இருந்தா பிந்தினது. ஜிப் தைக்கிற நாடாவையும் தொட்டுப் பாருங்க, பழசு பருத்தி, ஓரம் நைஞ்சு மஞ்சளடிச்சிருக்கும், பாலியஸ்டர் நாடா வழவழன்னு அப்படியே இருக்கும். இன்னொரு விஷயம், 1942ல இருந்து அமெரிக்கா செம்பையும் பித்தளையையும் போருக்கு ஒதுக்கிட்டதால பொதுமக்கள் துணிக்கு ஜிப் கெடைக்கிறதே கஷ்டமாச்சு, அந்த சில வருஷத்து சிவிலியன் ஜாக்கெட்ல பட்டன் நெறைய வரும். அதனால பித்தளை ஜிப் கைல, பாக்கெட்ல, முன்னாடின்னு தாராளமா போட்ட மோட்டார்சைக்கிள் ஜாக்கெட்ட 1943ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க. கிரவுன், கான்மார், செர்வல்னும் ஜிப் பேர் வரும், அதெல்லாம் பாத்தா எனக்கு மனசு துள்ளும், ஏன்னா அவங்க டாலன் மாதிரி ரொம்ப காலம் தள்ளல.

சிவப்பு குயில்ட் லைனிங்தான் உங்க ஜாக்கெட்ட 40களுக்கு அப்புறமா கொண்டு வருது. போருக்கு முன்னாடி லைனிங்னா கம்பளி, பருத்தி, ரேயான். பளபளன்னு குயில்ட் போட்டது போருக்கு அப்புறம் பரவினது, 50கள் 60கள் மோட்டார்சைக்கிள் ஜாக்கெட்ல அதுதான் சாதாரணம். லைனிங்க மாத்தினதா ஒரிஜினலான்னு பாக்க, உள் பாக்கெட் ஓரம் தோல் பட்டையோட சேருற இடத்தப் பாருங்க, ஒரிஜினல்னா பட்டை, லைனிங், பாக்கெட் எல்லாம் ஒரே நூல், ஒரே கை.

அந்த உள் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டு வெளிய புரட்டுங்க. கம்பெனி லேபிள் பிஞ்ச ஜாக்கெட்லயும் தொழிலாளர் யூனியனோட சின்னத் துணி லேபிள் அங்க தப்பிச்சு இருக்கும், இது என் அனுபவத்துல பல தடவ கை குடுத்திருக்கு. ஆண்கள் துணிக்கு அமல்கமேட்டட் க்ளோத்திங் ஒர்க்கர்ஸ் யூனியன், அந்த லேபிள் ஓரத்துல பொடி எழுத்துல ஒரு வருஷம் இருக்கும், 1939, 1949, 1962. இத ஜாக்கெட் தச்ச வருஷம்னு நெனச்சு ‘1949 ஜாக்கெட்’னு விக்கிறாங்க, அது தப்பு, அது லேபிள் டிசைன் வந்த வருஷம். 1949 போட்ட லேபிள் 1962ல அடுத்த டிசைன் வர்ற வரைக்கும் ஓடிச்சு. 1976ல அந்த யூனியன் இன்னொண்ணோட சேந்து பேரே மாறிடுச்சு. பெண்கள் ஜாக்கெட்ல ஐஎல்ஜிடபிள்யூயூன்னு வேற யூனியன் வரும், அதோட சிவப்பு வெள்ளை நீல லேபிள் இருந்தா 70கள் நடுவுல இருந்து 1995 வரைக்கும்.

அதே பாக்கெட்ல ஆர்என் நம்பர் இருக்கலாம். அமெரிக்கால கம்பெனி பேருக்கு பதிலா போடுற பதிவு எண் அது, 1952ல ஆரம்பிச்சாங்க, அது போக 1941ல இருந்து 1959 வரைக்கும் டபிள்யூபிஎல்னு ஒரு எண் குடுத்தாங்க. ஃபெடரல் டிரேட் கமிஷன் இணையத்துல நம்பரத் தட்டினா கம்பெனி பேர் வந்துடும், லேபிள் பிஞ்ச ஜாக்கெட்டுக்கு இத விட உதவி வேற இல்ல. ஆனா கவனம், நம்பர் கம்பெனி பதிஞ்ச காலத்தத்தான் சொல்லும், 1955ல வாங்கின நம்பர அதே கம்பெனி 1985லயும் போடலாம்.

சின்னச் சின்னதா இன்னும் சில இருக்கு, வேகமா சொல்லிடறேன். லேபிள்ல விலாசம் இருந்து ‘நியூயார்க் 18’ மாதிரி ஊர் பேருக்கு பின்னாடி ரெண்டு இலக்கம் இருந்தா 1943ல இருந்து 1963க்குள்ள டிசைன் பண்ண லேபிள், ஜிப் கோட்னு சொல்ற அஞ்சு இலக்க அமெரிக்க பின்கோடு 1963 ஜூலைல வந்துச்சு. லைனிங்ல அக்ரிலிக் இத்தன சதவீதம், பாலியஸ்டர் இத்தன சதவீதம்னு இருந்தா 1960க்கு அப்புறம். சுத்தக் கம்பளிக்கு போடுற உல்மார்க் முத்திரை 1964ல வந்தது. ஹார்லி டேவிட்சன் லேபிள்ல ஏஎம்எஃப்னு சேந்து வந்தா 1969 முதல் 1981க்குள்ள, ஹார்லி கம்பெனி ஏஎம்எஃப்ங்கிற கம்பெனி கைல இருந்த காலம். பிரிட்டிஷ் துணில சிசி41ங்கிற ரேஷன் கால அரசாங்க முத்திரை இருந்தா 1941ல இருந்து 1952க்குள்ள. மேற்கு ஜெர்மனின்னு இருந்தா 1990க்கு அப்புறம் இல்ல. துவைக்கிற குறிப்பு லேபிள் இல்லன்னா, அமெரிக்கா அத கட்டாயமாக்கின 1972க்கு முன்னாடின்னு ஒரு சூத்திரம் சுத்திக்கிட்டு இருக்கு, துணிக்கு அது ஓரளவு சரி, தோல் உடுப்புக்கு அந்த அமெரிக்க விதி பொருந்தவே பொருந்தாது, அதனால லேபிள் இல்லங்கிறதுக்கு அர்த்தமே இல்ல.

புறஊதா டார்ச் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. வெளுப்பா காட்டுறதுக்கு சேக்கிற ரசாயனம் போருக்கு அப்புறம் நூல்லயும் துணிலயும் பரவலா வந்துச்சு, அது டார்ச் வெளிச்சத்துல நீலமா மின்னும். 1942 லேபிளோ அதத் தச்ச நூலோ பளீர்னு மின்னினா கேள்வி கேளுங்க. ஒரு எச்சரிக்கை, இன்னைக்கு சோப்புப் பவுடர்லயும் அதே ரசாயனம் இருக்கு, யாராவது லைனிங்க துவைச்சிருந்தா பழசும் மின்னும். மின்னலங்கிறதுக்காக பழசுன்னு ஆயிடவும் ஆயிடாது, நல்ல மறுபதிப்புக்காரங்க அதெல்லாம் தெரிஞ்சே நூல் வாங்கறாங்க.

குதிரைத் தோல் பத்தியும் சொல்லணும், ஏன்னா விக்கிறவங்க வாயில அது ரொம்ப சுலபமா வருது. 50கள் வரைக்கும் அமெரிக்கால குதிரைத் தோல் தாராளம், பண்ணைல டிராக்டர் வந்து குதிரை குறைய குறைய தோலும் குறைஞ்சது, மாட்டுத்தோல் அந்த இடத்த புடிச்சது. ஜாக்கெட்டுக்கு போனது பெரும்பாலும் குதிரையோட முன்பக்கத் தோல், பின்பக்கத்துல இருக்கிற கெட்டியான பாகம் ஷூவுக்குப் போச்சு. குதிரைத் தோல் கெட்டியா, மேல வழவழன்னு, மடிப்பு விழுந்த இடத்துல கூர்மையான சுருக்கத்தோட இருக்கும். ஆட்டுத்தோல்ல பொடிப்பொடியா குமிழ் தெரியும். குதிரைக்கும் நல்லா பாலிஷ் பண்ண மாட்டுத்தோலுக்கும் போட்டோவ வச்சு வித்தியாசம் சொல்றேன்னு யாராவது சொன்னா நான் நம்பறதில்ல, கைல புடிச்சுப் பாத்தே குழம்பற கேஸ் இருக்கு. உங்க கறுப்பு ஜாக்கெட்ல முழங்கை, பாக்கெட் ஓரம் தேஞ்ச இடத்துல பிரவுன் எட்டிப் பாக்குதான்னு பாருங்க. பாத்தா அது டீ கோர்னு சொல்ற தோல், உள்ள பிரவுனா பதனிட்டு மேல கறுப்புச் சாயம் ஏத்தினது, அந்தக் காலத்து ஜாக்கெட்ல இது வந்தா மதிப்பு ஏறும். ஆனா இன்னைக்கு அதே மாதிரி புதுசாவும் பண்றாங்க, அதனால இது அழகுக்கு அடையாளம், வயசுக்கு சாட்சி இல்ல.

காலர்ல வெள்ளையா பூத்திருக்குன்னீங்க. ரெண்டுல ஒண்ணுதான், பூஞ்சை, இல்லன்னா தோலுக்குள்ள இருக்கிற கொழுப்பு மேல வந்து பூக்கிறது. ஹேர் டிரையர குறைஞ்ச சூட்டுல தள்ளி வச்சு லேசா காட்டுங்க. கரைஞ்சு உள்ள போயிட்டா கொழுப்பு, மெத்துன்னு துணில துடைச்சா போதும், அடுத்த குளிருக்கு திரும்ப பூத்தாலும் பயம் இல்ல. கரையலன்னா, பஞ்சு மாதிரி இருந்தா, ஈர வாசனை வந்தா பூஞ்சை. அப்ப மத்த ஜாக்கெட்டுங்க பக்கத்துலயே கொண்டு போகாம, வெளிய வச்சு, மூக்குல மாஸ்க் போட்டு, மெதுவான பிரஷ்ஷால தட்டி, காத்தோட்டமான இடத்துல நிழல்ல ஆற விடுங்க. வாங்கறதுக்கு முன்னாடியே விக்கிறவர்கிட்ட இந்தச் சோதனைய பண்ணச் சொல்லுங்க, மாட்டேன்னா பூஞ்சைன்னு வச்சே விலை பேசுங்க.

வந்து சேந்த அன்னைக்கே எண்ணெய் தடவுற வேல வேணாம், புதுசா சேக்கிறவங்க எல்லாரும் பண்றது இது. வறண்ட தோல் எண்ணெய வேகமா குடிச்சுட்டு கறுத்துப் போகும், தொளதொளன்னு ஆகும், தையல் நூலும் அதோட சேந்து நாசம். மொதல்ல தூசி தட்டி, லேசா ஈரத்துணில துடைச்சு, அகலமான தோள் இருக்கிற ஹேங்கர்ல ரெண்டு வாரம் சும்மா தொங்கட்டும். அப்புறமும் வறட்சியா இருந்தா லெதர் கண்டிஷனர கொஞ்சூண்டு துணில எடுத்து, மறைவான இடத்துல சோதிச்சுட்டு, மெல்லிசா ஒரு தடவை. பிளாஸ்டிக் கவர்ல மூடி வைக்காதீங்க, பருத்தித் துணி போதும், அறைல ஈரப்பதம் 45லேர்ந்து 55 சதவீதத்துக்குள்ள இருந்தா தோலுக்கு நிம்மதி. நிட் கம்பளில பூச்சி அரிச்ச ஓட்டை இருந்தா ஜாக்கெட்ட காத்து போகாத பைல போட்டு மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க, எடுத்த பிறகு முழுசா அறை சூட்டுக்கு வர்ற வரைக்கும் பையத் திறக்காதீங்க, திறந்தா தோல் வேர்த்துடும். தோல் சிவப்புப் பொடியா கைல ஒட்டினா மட்டும் அந்த ஜாக்கெட்ட வாங்கவே வேணாம், அது பதனிட்ட தோலே அழுகிப் போறது, எந்த கண்டிஷனரும் திருப்பிக் கொண்டு வராது.

காலத்த உறுதி பண்ண இன்னொரு நல்ல வழி பழைய தபால் வியாபார கேட்டலாக். சியர்ஸ், மாண்ட்கோமரி வார்ட்னு ரெண்டு அமெரிக்க கடைங்களும் வருஷா வருஷம் சீசன் போட்டு அச்சடிச்சாங்க, ஸ்கேன் நெறைய இணையத்துல கெடைக்குது. சியர்ஸோட ஹெர்குலிஸ் ஜாக்கெட் பக்கத்தையெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணா எடுத்து வச்சு பாத்தா காலர் எப்ப நீண்டுச்சு, முதுகுல அரை பெல்ட் எப்ப போச்சு, தோள் எப்ப அகலமாச்சுன்னு கண்ணு தானா கத்துக்கும். நீட்டமா கூரான பெரிய காலர் பாத்தா 70கள், தோள்ல பஞ்சு வச்சு கை பெருசா தொளதொளன்னு இருந்தா 80கள்னு லேபிள் இல்லாமலே சொல்ல வந்துடும்.

இப்ப அந்த ஆள்கிட்ட நீங்க கேட்க வேண்டியது: கறுப்பு ஜாக்கெட்டோட உள் பாக்கெட்ட புரட்டி ஒரு போட்டோ, ஜிப் அடி ஸ்டாப்பரும் இழுப்பானும் தெரியற மாதிரி ஒண்ணு, ஜிப் ஓரத் தையல் ஒண்ணு, தேஞ்ச முழங்கை ஒண்ணு. அக்குளுக்கு அக்குள் தரைல விரிச்சு வச்சு அளந்து சொல்லச் சொல்லுங்க, பழைய சைஸ் நம்பர் இன்னைக்கு சைஸோட ஒத்துப் போகாது, சைஸ் 42ன்னு வாங்கிட்டு போட முடியாம நிப்பீங்க. யூனியன் லேபிள் 1949 டிசைனா வந்து ஜிப் தையல் ஒரே வரிசையா இருந்தா, 50கள்ல இருந்து 60களோட ஆரம்பத்துக்குள்ளன்னு எழுதி வச்சுக்கிட்டு அந்தக் காலத்துக்கான விலைய குடுங்க, 40கள் விலை குடுக்காதீங்க. பிரவுன் ஜாக்கெட் உங்களுக்கு நல்லா பொருந்தி, 80கள் பழைய ஜாக்கெட் விலைக்கு இறங்கி வந்தார்னா அதயும் எடுத்து தாராளமா போட்டுக்கோங்க, மழைல நனைஞ்சாலும் மனசு வலிக்காம போடறதுக்கு ஒரு ஜாக்கெட் வேணும்ல. அந்த 42 லேபிள மட்டும் பிரிச்சு எடுத்துடுங்க, நாளைக்கு உங்ககிட்ட இருந்து வாங்கறவருக்கு அந்தக் கதை போய்ச் சேர வேணாம்.